பட்டாளத்தின் கணக்கு வேறு

தாலுகா கருவூல வாசலிலும் வாக்குச்சாவடி வராந்தாவிலும் காவலர் தோளில் தொங்கிய நீளத் துப்பாக்கியை, தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'த்ரீ நாட் த்ரீ' என்றால் போதும். அந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளை ஒன்று உண்டு. 1962 சீனப் போரில் பட்ட அடிக்குப் பிறகு, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பழைய .303 லீ-என்ஃபீல்டின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு இடம் செய்தது. எஃகையும் உயர்த்தியது. 2ஏ என்று பெயர் வைத்தார்கள். 2,000 மீட்டர் வரை குறிபார்க்கும் அளவுகோல் யாருக்கும் பயன்படாத பெருமை என்று பிறகு புரிந்திருக்க வேண்டும். அதை 800 மீட்டராகக் குறைத்தபோது பெயர் 2ஏ1 ஆனது.

இன்று அந்தப் பிள்ளையை அதிகம் கொஞ்சுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்தியப் படையும் காவல்துறையும் கழித்துக்கட்டிய ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை இறக்குமதியாளர்கள் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். ஆர்.எஃப்.ஐ. என்ற மூன்று எழுத்தும் ஆண்டும் பொறித்த எஃகு வளையத்தைத் துடைத்துப் பார்த்துப் பூரிக்கிற ஓய்வுபெற்ற எஞ்சினியர்கள் ஓஹையோவிலும் டெக்சாஸிலும் உண்டு. செய்த நாட்டில் ஒரு சாதாரணக் குடிமகன் இதை வாங்கிச் சுவரில் மாட்டிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி .303, 7.62 இரண்டும் தடை செய்யப்பட்ட ரகத்தில் வருபவை. சாதாரண உரிமத்திலும் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303க்கு விடைகொடுத்தது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். ஐம்பது ஆண்டு பழமையான துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்களுக்கென்றே மத்திய அரசு தனி உரிமம் தருகிறது. கட்டணம் முப்பது டாலர். மூன்று ஆண்டு செல்லும். என்ன வாங்கினார், யாருக்கு விற்றார் என்று ஒரு பேரேடு எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமம் இருந்தால் வேறு மாநிலத்து வியாபாரியிடமிருந்தும் பழைய துப்பாக்கி நேராக வீட்டு வாசலுக்கு வரும். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் கிரீஸ் வாசம். அடுத்து அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லப்போகும் வாசகமும் ஏறக்குறைய நிச்சயம்: ஒரு உலகப் போரையே தாங்கிய சாமான், என் கையிலா உடைந்துவிடப் போகிறது?

இந்த வாசகம்தான் வம்பு. பட்டாளத்து முத்திரை விழுந்த பொருள் என்றால் முரட்டுத்தனமாக உழைக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு. மிலிட்டரி கம்பளி, மிலிட்டரி பெட்டி, மிலிட்டரி ஜீப் என்று ஏலத்தில் எடுத்தவர்கள் எத்தனை பேர். கம்பளி கிழிந்தால் குளிரும். துப்பாக்கி கிழிந்தால் முகத்தில் கிழியும். ஒரு பட்டாளம் 'இது சரி' என்று முத்திரை குத்தும்போது, தன் தேவைக்கும் தன் அவசரத்துக்கும் தன் சேத விகிதத்துக்கும் ஏற்பவே சரி என்கிறது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுகளத்துக்குப் போகும் குடும்பஸ்தர் தலையில் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் சொந்தத் துப்பாக்கியே சாட்சி.

1903 ஸ்பிரிங்ஃபீல்ட், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை சுமந்த ரைஃபிள். தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி மூடும் போல்ட் ஓடுகிற, குழல் திருகப்படுகிற எஃகு உடலை ரிசீவர் என்பார்கள். சுடும்போது எழும் அழுத்தமெல்லாம் அதன் மேல்தான். அதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, பதம் ஏற்றும் வேலை மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையிலும் இல்லினாய்ஸ் மாநிலத்து ராக் ஐலண்டிலும் நடந்தது. எவ்வளவு சூடு என்பதை அளக்க அங்கே கருவி இல்லை. கைதேர்ந்த தொழிலாளி எஃகின் நிறத்தைப் பார்த்து, போதும் என்பார். நம் கொல்லர்களும் நிறம் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள். ஆனால் கொல்லுலை எப்போதும் நிழலடைந்து, அரை இருட்டாகவே இருக்கும். பட்டறைக்குள் வெயில் விழுந்தால் நிறம் ஏமாற்றும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஏமாற்றியது. 1917இல் துப்பாக்கிகள் சில வெடித்துச் சிதறியதும் விசாரித்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியான நிறம் என்று தொழிலாளி சொன்ன சூட்டுக்கும், நல்ல வெயில் நாளில் அதே நிறம் என்று அதே தொழிலாளி சொன்ன சூட்டுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் இருந்தது தெரியவந்தது. வெயில் நாட்களில் எஃகு எரிந்துபோயிருக்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே கண்ணாடி போல நொறுங்கும் குணம். உலைகளில் வெப்பமானி வைத்தார்கள், பதமேற்றும் முறையையும் மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000க்குக் குறைந்த எண்ணும், ராக் ஐலண்டில் 2,85,507க்குக் குறைந்த எண்ணும் பொறித்தவை பழைய முறையில் செய்தவை. கூட்டினால் பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் எது வெயில் நாளில் பிறந்தது, எது மழை நாளில் பிறந்தது என்று பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை.

இனி நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அமெரிக்கத் தளவாடத் துறை அதிகாரி ஜூலியன் ஹாட்சர் பின்னாளில் எழுதிய குறிப்புகளில் 1917 முதல் 1929 வரை சிதறிய துப்பாக்கிகளின் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 68. இந்தத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற யோசனை 1927இல் மேலே போனது. சாமுவேல் ஹோஃப் என்ற தளபதி அதற்கு எழுதிய பதில், அரசாங்க நிர்வாகத்தைப் படிக்கிறவர்கள் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். படையினர் கையில் இருப்பதைப் பிடுங்க வேண்டாம். கிடங்கில் இருப்பதைப் புதிதாக யாருக்கும் கொடுக்க வேண்டாம், போர்க் கையிருப்பாக ஒதுக்கி வையுங்கள். பழுதுக்குத் திரும்பி வருவதன் ரிசீவரை மட்டும் உடைத்துப் போடுங்கள். 1928இல் அதுவே முடிவானது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதயமில்லாத உத்தரவு. ஆனால் ஒரு நாட்டின் படைக்கு அது நியாயமான கணக்குதான். பத்து லட்சம் துப்பாக்கியைக் குப்பையில் போட்டால் அடுத்த போருக்கு வெறுங்கையோடு போக வேண்டும். பத்து லட்சத்தில் 68 என்பது அதை விடச் சின்ன ஆபத்து. அதிலும் பல வெடிப்புகளுக்குக் குழலில் இருந்த அடைப்போ, கோளாறான தோட்டாவோ, தவறான தோட்டாவோ துணைக் காரணம். சரி. ஆனால் வீட்டில் ஆறு துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவருக்கு ஏழாவதைச் சுட்டே தீர வேண்டிய எந்தப் போர் வந்துவிட்டது? அவர் தாங்க வேண்டிய சேதம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகாது. அது அவருடைய ஒரே வலது கண். அமெரிக்க அரசின் பழைய துப்பாக்கிகளை மக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பு, இந்தக் குறைந்த எண் துப்பாக்கிகளைச் சுடுவதைத் தான் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கிறது. அப்படியும், எங்கள் அப்பா நாற்பது வருடம் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடுகிறவர்கள் குறையவில்லை. அப்பாவின் துப்பாக்கி மழை நாளில் பிறந்திருக்கும்.

இந்த 'வேறு கணக்கு' 1903உடன் நின்றுவிடவில்லை. பழைய ராணுவத் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் எங்காவது ஓர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. லீ-என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின் சேற்றுக் குழிகளில் மண் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போய்த் தொலைய வேண்டும் என்பதற்காக, தோட்டா அமரும் அறையைத் தாராளமாகக் குடைந்தார்கள். தளர்வான அறையில் சுட்டால் பித்தளை உறை ஊதி விரியும். சிப்பாய்க்கு என்ன கவலை, வெறும் உறையை எறிந்துவிட்டு அடுத்ததைப் போடுவான். சேகரிப்பவரோ சிக்கனக்காரர். உறையைப் பொறுக்கி எடுத்து, மறுபடி மருந்து நிரப்பி, நாலாம் தடவையும் சுடுவார். ஒரு நாள் உறையின் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். மேல்பாகம் அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் வாயு பின்பக்கம் வழி தேடும்.

எம்1 கராண்ட் இன்னொரு கதை. கனடாவின் கியூபெக்கில் பிறந்த ஜான் கராண்ட் வடிவமைத்து, 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற ரைஃபிள். ஐம்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எட்டுத் தோட்டாவையும் ஒரே கிளிப்பாக மேலிருந்து அழுத்த வேண்டும். கட்டைவிரலை எடுக்கச் சற்றுத் தாமதித்தால் போல்ட் பாய்ந்து நசுக்கிவிடும், 'எம்1 கட்டைவிரல்' என்று அதற்குப் பெயரே உண்டு. அது வலியோடு போகும். செலவு வைப்பது வேறு. குழல் முனைக்கு அருகில் ஒரு சிறு துளை வழியாக வாயுவை எடுத்து, நீண்ட தண்டு ஒன்றைத் தள்ளித்தான் இது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்தத் தண்டு ராணுவத்தின் எம்2 தோட்டாவை மனத்தில் வைத்துச் செய்தது. கடையில் அதே .30-06 அளவில் மான் வேட்டைக்கென்று கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் கொண்ட தோட்டா கிடைக்கும். அறைக்குள் சுகமாகப் பொருந்தும், சுடும், குறியும் தப்பாது. தண்டு மட்டும் வளைந்துவிடும். அளவு ஒன்று என்பதால் தோட்டாவும் ஒன்று என்று நினைப்பது, பெட்ரோல் பங்கில் எல்லாக் குழாயும் ஒன்று என்று நினைப்பதைப் போன்றது.

பழைய தோட்டாவின் கேப்பிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுத்தியல் அடித்ததும் பொறி கிளப்பும் சின்னக் கிண்ணம்தான் கேப்பு. அதற்குள் பல நாட்டுப் படைகள் பல காலம் பொட்டாசியம் குளோரேட் வைத்தன. சிவகாசித் தீக்குச்சியின் முனையில் இருக்கும் அதே பொருள். எந்தக் குளிரிலும் பற்றும், பல ஆண்டு கிடங்கில் கிடந்தாலும் கெடாது. படைக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எரிந்ததும் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு உப்பைப் பூசிவிட்டுப் போகும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்து, இரண்டு மூன்று நாளில் குழலைத் துருவாக்கிவிடும். சிப்பாய்க்கு அன்றாடம் துப்பாக்கி கழுவும் கட்டளை உண்டு, மேலே சார்ஜென்ட் உண்டு. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிற சேகரிப்பவருக்கு சார்ஜென்ட் கிடையாது.

இதில் வேடிக்கை, எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று பலர் நம்புவது. உப்பு எண்ணெயில் கரையாது. சுடுதண்ணீர்தான் மருந்து. வெந்நீரை ஊற்றி, துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீல திரவத்தை அமெரிக்கர்கள் இதற்கென்றே வாங்கி வைத்திருப்பார்கள். அதில் வேலை செய்வதும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம். ரஷ்யாவின் மோசின்-நாகந்த் 1891இல் பிறந்தது. ஏறத்தாழ 3.7 கோடி செய்தார்கள். சோவியத் கிடங்குகளில் தடித்த கிரீஸ் பூசி அடுக்கியிருந்தவை, சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கப்பல் கப்பலாக வெளியே வந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நூறு டாலருக்குள் ஒன்று கிடைத்தது. துப்பாக்கி வார், எண்ணெய் டப்பா, துப்பாக்கிமுனைக் கத்தி எல்லாம் இலவச இணைப்பு. அந்தக் கிரீஸை எடுப்பதே ஒரு சடங்கு. எஃகுப் பாகங்களை மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பானில் ஊறவைப்பார்கள். மரக்கட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் போட்டால், மரம் குடித்திருந்ததெல்லாம் தேன்போல வழியும். தோட்டா அறையில் படிந்த பிசுக்கைச் சுரண்டாமல் சுட்டால் போல்ட் ஒட்டிக்கொண்டு திறக்காது. மரச் சுத்தியலால் தட்டித் திறக்கிறவர்களைச் சுடுகளங்களில் பார்க்கலாம். ரஷ்யத் துப்பாக்கி மட்டம் என்ற பெயர் பாதி இதனால் வந்தது.

போல்ட் ஒட்டினால் தொல்லைதான், ஆபத்தில்லை. எஸ்.கே.எஸ். போன்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் அதே கிரீஸ் உயிருக்கு உலை. அதன் சுடும் ஊசி பெரும்பாலும் போல்ட்டுக்குள் தளர்வாக, சுருள்வில் இல்லாமல் ஓடுவது. பழைய கிரீஸ் இறுகி ஊசி முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே கேப்பில் குத்தும். விசையை யாரும் தொடவில்லை, துப்பாக்கி வெடிக்கும், சில சமயம் அடுத்தடுத்து வெடிக்கும். போல்ட்டைக் கையில் எடுத்துக் குலுக்கினால் ஊசி உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். இந்த ஒரு சத்தத்தைக் கேட்காமல் எஸ்.கே.எஸ்.-இல் தோட்டா நிரப்புகிறவரை மடையர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அப்படியானால் சுடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? அம்பத்தூரிலோ கோவையிலோ லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குப் பதில் பாதி தெரியும்: கோ, நோ-கோ கேஜ். தோட்டா அறைக்குள் போய் நிற்கும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் தோட்டாவுக்குப் பின்னால் ஆதரவு இருக்காது, உறை நீண்டு கிழியும். தோட்டா வடிவில் துல்லியமாகக் கடைந்த எஃகுத் துண்டுகளை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். கோ கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும். நோ-கோ கேஜ் மேல் மூடக் கூடாது. மூன்றாவதாக ஃபீல்ட் கேஜ் என்று ஒன்று. தேய்ந்த துப்பாக்கி இன்னும் களத்தில் ஓடலாமா என்று படை பார்ப்பது. அதிலும் மூடினால் கதை முடிந்தது.

ஒரு போல்ட்டை வேறொரு துப்பாக்கியில் மாட்டினால் இந்த இடைவெளி மாறிவிடும். போல்ட்டில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். சேகரிப்பவர்கள் எண் பொருந்தினால் விலை கூடும் என்று பார்க்கிறார்கள். கண் பிழைக்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்கள் கைப்பற்றிய ஜெர்மானிய மவுசர்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து கொட்டி, கைக்கு வந்ததைப் பூட்டி, மேலே புது எண்ணைக் கீறிவிட்டார்கள். எண் பொருந்தும். பாகம் பொருந்தியதா என்பதை கேஜ்தான் சொல்லும். லீ-என்ஃபீல்டின் நான்காம் ரகத்தில் போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகளை மாற்றி மாற்றி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம். பட்டறைக்காரர்கள் யோசித்த யோசனை அது.

கேஜ் பார்த்து, குழலுக்குள் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்து, துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் தலையாட்டிய பிறகும் முதல் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடாதவர்கள் உண்டு. பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, மறைவில் நின்று இழுப்பார்கள். பார்ப்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும். பிறகு அந்த வெற்று உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடினால் அங்கேதான் உறை கிழியப் போகிறது. கேப்பு பிதுங்கியிருந்தாலோ தட்டையாகியிருந்தாலோ அதுவும் ஒரு சேதி. சுடும்போது 'டப்' என்று மெலிந்த ஓசை வந்தால் நிறுத்திவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். குண்டு உள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்தது அதன் முதுகில் மோதும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் அரை நிமிடமாவது குழலை இலக்கை நோக்கியே வைத்துக் காத்திருக்க வேண்டும். எழுபது வயதுத் தோட்டா யோசித்து வெடிக்கும் பழக்கம் உள்ளது. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் என்பதைத் தனியாக எழுதுவதே வெட்கம், ஆனால் பழைய படைவீரர்களில் காது மந்தமாகாதவர் அபூர்வம்.

எல்லாப் பழைய துப்பாக்கியும் சுடுவதற்கென்று பிறந்ததும் இல்லை. ஜப்பானில் பள்ளி மாணவர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்காக மட்டமான இரும்பில் வார்த்த அரிசாகா ரைஃபிள் போலிகள் உண்டு. பார்வைக்கு அசல்போலவே இருக்கும், ஆனால் அவை குண்டில்லாத சத்தத் தோட்டாவுக்கு மேல் தாங்காதவை. 'டி.பி.' என்று குத்திய பிரிட்டிஷ், இந்தியத் துப்பாக்கிகள் கவாத்துக்கு மட்டும். ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பரிசாகக் கொண்டுவந்த மார்ட்டினி, என்ஃபீல்ட் ரைஃபிள்களில் பல, கைபர் கணவாய்ப் பட்டறைகளில் அரத்தால் ராவிச் செய்தவை. ஆங்கிலம் தெரியாத கைவினைஞர் முத்திரையைப் பார்த்து வெட்டும்போது எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அதை வைத்தே பிடித்துவிடலாம். 2003இல் காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கையே அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக விலைக்கு வாங்கினார்கள். அதில் நேபாளத்தில் கையால் செய்த கஹேந்திரா ரைஃபிள்கள் இருந்தன. இவை சுவருக்குத்தான் என்று வாங்கியவர்களே சொல்லி விற்றார்கள். வியாபாரியே சொல்லியும் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் அது சேகரிப்பவர் குணம் இல்லை.

உண்மையில் இந்தத் துப்பாக்கிகளைப் படிப்பதில் இருக்கும் சுகம் சுடுவதில் இருக்கும் சுகத்தை விடப் பெரியது. ஃபின்லாந்து நாடு தன் பழைய எஜமானரான ரஷ்யாவின் மோசின்களைப் போரில் பிடித்தும் வெளியில் விலைக்கு வாங்கியும் சேர்த்து, புதுக் குழலும் புதுக் கட்டையும் போட்டுத் தன் துப்பாக்கியாக்கிக்கொண்டது. 1940களில் ஃபின்லாந்து முத்திரையோடு வெளிவந்த ஒன்றின் மரக்கட்டையைக் கழற்றினால், ரிசீவரின் அடியில் ஜார் காலத்து 1890களின் ஆண்டு இருக்கும். 1898க்குள் செய்த ரிசீவர் என்றால் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே இல்லை, பழம்பொருள். மரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் நான்கு இலக்கம் ஒரு பொருளின் சாதியையே மாற்றிவிடுகிறது. ஜப்பானிய ரைஃபிளில் சாமந்திப் பூ முத்திரை சுரண்டப்பட்டிருந்தால் அது சரணடைந்தபோது ஒப்படைத்தது. பூ முழுசாக இருந்தால் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து யாரோ மூட்டையில் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட துப்பாக்கியின் குழலை அறுத்து, கட்டையைச் சீவி வேட்டைத் துப்பாக்கி ஆக்குகிற வழக்கம் 1950களில் வீட்டுக்கு வீடு இருந்தது. செப்புப் பட்டயத்தை உருக்கிச் சொம்பு செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அறுக்கத் தூண்டியது விலை. சாமுவேல் கம்மிங்ஸ் என்ற மனிதர், ஒரு காலத்தில் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர், உலகப் படைகள் கழித்துப்போட்ட துப்பாக்கிகளை வாங்கி வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவில் ஆற்றோரக் கிடங்குகளில் குவித்தார். இத்தாலியின் கர்கானோ ரைஃபிள் அங்கங்கே அடிமாட்டு விலைக்குப் போனது. 1963 மார்ச்சில் சிகாகோ கடை ஒன்றுக்கு ஏ. ஹிடெல் என்ற பெயரில் ஒரு கூப்பனும் 21 டாலர் 45 சென்டுக்கு மணியார்டரும் வந்தன. குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய கர்கானோ டல்லாஸ் அஞ்சல் பெட்டிக்குப் போனது. அனுப்பச் சொன்னவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பரில் ஜான் கென்னடி கொல்லப்பட்டார். 1968இல் வந்த சட்டம் உரிமம் இல்லாதவர்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதையும், வெளிநாட்டு ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. உபரிக் கதவைச் சேகரிப்பு ரகத்துக்கு மட்டும் 1984இல் மறுபடி திறந்தார்கள். இதெல்லாம் வயசானவர்களின் பொழுதுபோக்கு, யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கிற சங்கங்கள் அந்த மணியார்டரை மறந்துவிடக் கூடாது. பூட்டிய இரும்பு அலமாரியும் ஒழுங்காக எழுதிய பேரேடும் இந்தப் பொழுதுபோக்கின் தலையில் விழுந்த அநியாய பாரம் என்று அழுவதில் பொருளில்லை.

சட்டம் யார் வாங்கலாம் என்று கேட்கிறது. வாங்கிய பொருள் சுடத் தக்கதா என்று கேட்பதில்லை. அந்த இடத்தில் சி.எம்.பி. அமைப்பு நல்ல முன்மாதிரி. 1903இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வாரிசு அது. 1996இல் தனி அமைப்பானது. கராண்ட் ஒன்று வேண்டுமென்றால் குடியுரிமைச் சான்று, ஒரு சுடுகள மன்றத்தின் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சி இருப்பதற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். பதிலுக்கு ஹெட்ஸ்பேஸ் பார்த்து, தேவையானால் சரிசெய்து, சுட்டும் பார்த்து அனுப்புவார்கள். தேய்மானத்துக்கேற்பத் தரம் பிரித்து அதையும் எழுதித் தருவார்கள். தனியார் கடைகளிலும் ஏலங்களிலும் நிலைமை எப்படி என்றால், 'சுடுவதற்கு முன் கம்மியரிடம் காட்டவும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பழைய கார் விற்கிறவரிடம் கூட பிரேக் பிடிக்குமா என்று கேட்டால் பதில் கிடைக்கும். இந்தத் துப்பாக்கியில் கேஜ் பார்த்தாயா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் தரச் சொல்லி விற்பவரைக் கட்டாயப்படுத்தினால் யாருடைய உரிமையும் பறிபோகாது.

இஷாப்பூர்க் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2ஏ1 வாங்கிய அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாக ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். படையின் 7.62 நேட்டோ தோட்டாவும் கடையில் கிடைக்கும் .308 வின்செஸ்டரும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் நேட்டோ அறை அளவு சற்றுத் தளர்வு. அதைச் சமாளிக்க ராணுவ உறையின் பித்தளை தடிமன். .308இன் உறை மெல்லியது, அழுத்தமும் சில வகைகளில் கூடுதல். இஷாப்பூர் எஃகு உயர்ந்தது, எதையும் தாங்கும் என்கிறது ஒரு கட்சி. எஃகு தாங்கும், உறை தாங்குமா என்கிறது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் கேள்விதான் சரியான கேள்வி. அந்தத் துப்பாக்கியை இந்தியப் படை எந்தத் தோட்டாவைக் கொடுத்துச் சோதித்ததோ அதைத் தாண்டி யாரும் அதற்கு உத்தரவாதம் தரவில்லை.

சுட்டுத் தள்ளும் வேகம் இப்போது தானாகவே கொஞ்சம் அடங்கி வருகிறது. 440 தோட்டா அடைத்து மூடிய தகர டின்னை, மத்தி மீன் டப்பாவைப் போலத் திறப்பான் வைத்து வெட்டித் திறந்த காலம் மோசின்காரர்களுக்குப் பொற்காலம். 2014இல் ரஷ்யா கிரைமியாவைச் சேர்த்துக்கொண்ட பிறகு ரஷ்ய ஆயுத நிறுவனங்கள் மீது தடைகள் வந்தன. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கே புது அனுமதிகளை நிறுத்தியது அமெரிக்கா. நூறு டாலர் மோசின் இன்று பல மடங்கு. செர்பியாவின் உஜிட்சே நகரத்துத் தொழிற்சாலை ஒன்று கர்கானோவுக்கும் அரிசாகாவுக்கும் .303க்கும் துருப்பிடிக்க வைக்காத கேப்புடன் புதுத் தோட்டா செய்து அனுப்புகிறது; இருபது கொண்ட பெட்டி, விலை கொஞ்சம் காந்தும். அதனால் டின் கணக்கில் கொட்டித் தீர்த்தவர்கள் இப்போது மாதத்துக்கு ஒரு பெட்டி வாங்கி, ஒரு காலைப் பொழுதில் பத்துத் தடவை மட்டும் சுடுகிறார்கள். ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் பிடித்து, அடியில் பளபளக்கும் வளையம் ஏதும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள்.